குதிரையும் ஆறும்
(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவையொட்டி வெளிவரும் மலரின் முகப்பில் நம் வட்டத்துக்கென ஒரு சின்னம் இடம்பெற வேண்டும் எனச் சென்ற கூட்டத்தில் முடிவாயிற்று. எந்தச் சின்னம் என்பதுதான் முடிவாகவில்லை. பலரும் கோபுரம் என்றார்கள். உலகளந்த பெருமாள் கோயிற் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அவ்விருப்பம் எழுவது இயல்பே. ஆயினும் என் கருத்து வேறு. அதனைச் சொல்லவே இன்று எழுந்தேன்.

கோபுரம் முன்பே தமிழ்நாட்டு அரசின் சின்னமாகிவிட்டது. 1949-இல் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்தளித்த வடிவம் அது. கோபுரம், அதன் முன்னே அசோகரின் சிங்கமுகத் தூண், இருமருங்கும் தேசியக் கொடி, கீழே 'வாய்மையே வெல்லும்' என்னும் தொடர். அக்கோபுரம் திருவில்லிபுத்தூரினதா, மதுரையின் மேலைக் கோபுரமா என்னும் வழக்கு மட்டும் இன்றளவும் ஓய்ந்தபாடில்லை. எவ்வூரது என்று வினவ வேண்டிய நிலையிலுள்ள ஒன்று நம் ஊரின் அடையாளமாக அமைவது எங்ஙனம்? நாம் கோபுரம் வரைந்தால், அரசு அலுவலகக் கடிதத் தாளை நினைவூட்டும், அவ்வளவே.

நம் மண்ணுக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய சின்னம் ஒன்று உண்டு. மலையமான்கள் வெளியிட்ட செப்புக் காசுகளில் அது இருக்கிறது. தினமலர் ஆசிரியராக விளங்கிய முனைவர் இரா. கிருஷ்ணமூர்த்தி இக்காசுகளைத் தேடித் தொகுத்து ஆராய்ந்தவர். ஒருபுறம் குதிரை. மறுபுறம் மலையும், அதனருகே வளைந்து நெளிந்து ஓடும் ஆறும். மலையமான் என்ற பெயரையே தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறித்த காசும் உண்டு. அந்த ஆறு பெண்ணை என ஆய்வாளர் கொள்வர். விரல்நுனி அளவேயான செம்பில் தன் நாட்டின் படத்தையே பொறித்துவிட்டான் நம் குறுநில மன்னன்! வேந்தர் மூவரும் புலி, கயல், வில் என்று ஆற்றலையோ குலத்தையோ குறித்தார்கள். இவனோ தான் நின்ற நிலத்தைக் குறித்தான்.

குதிரைக்கு வருவோம். மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். அக்குதிரையேறித்தான் அவன் வல்வில் ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். இதனை மறைத்துப் பயனில்லை. ஓரியும் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். ஒரு வள்ளல் இன்னொரு வள்ளலைக் கொன்ற கதை இது. கொல்லிமலை நண்பர்கள் நம் மலரைப் பார்த்தால் முகம் சுளிக்கக் கூடும். ஆனால் சிறுபாணாற்றுப்படை இதே காரியைக் குறிக்கும்போது, இரவலர்க்குக் குதிரையும் அதனோடு இன்சொல்லும் ஈந்தவன் என்கிறது. கொன்ற குதிரையும் கொடுத்த குதிரையும் ஒரு குடிக்கே உரியவை. காசிலுள்ள குதிரையின் மேல் வீரன் இல்லை. ஆகவே அதனைப் பரிசிற் குதிரையாகக் காணவே என் மனம் விழைகிறது. இது வரலாற்றுச் சான்றன்று. கவிஞர்கள் கூடிய அவை என்பதால் துணிந்து சொல்கிறேன்.

இனி நம் குதிரை என்னவாயிற்று? கிள்ளிவளவன் மலையமானின் மக்களை யானைக்காலில் இடறச் செய்ய முனைந்தபோது, கோவூர்கிழார் இடைநின்று பாடி அச்சிறுவரை உயிர்மீட்டார் என்பது புறநானூறு காட்டும் செய்தி. அந்த ஒரு பாட்டு இல்லையேல் அக்குடி என்னாயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பின்னாளில் அதே சோழர் குடிக்கு மலையமான் மகள் வானவன்மாதேவி மணமகளாய்ச் சென்றாள். முதலாம் இராசராசனைப் பெற்றாள். கைக்குழந்தையை விட்டுக் கணவன் சுந்தரசோழனோடு தீப்புகுந்தாள். அதனைச் சொல்லும் கல்வெட்டு கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலிலே இருக்கிறது. அவள் பேரன் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலி அமர்ந்திருக்கிறது; அதன் முன் இரு கயல்கள்; கீழே வில்; மேலே குடையும் கவரியும். வென்ற பாண்டியனுக்கும் சேரனுக்கும் அங்கே இடமுண்டு. பாட்டி பிறந்த குடியின் குதிரைக்கு இடமில்லை. தோற்றவன் சின்னம் வென்றவன் முத்திரையில் ஏறும். உறவினன் சின்னம் ஏறாது போலும்.

அதே கோயிற் கல்வெட்டுத்தான் பாரிமகளை மலையனுக்குக் கொடுத்தபின் கபிலர் தீப்புகுந்ததையும் கூறுகிறது. ஆற்றின் நடுவே நிற்கும் கபிலர் குன்றை நாம் அறிவோம். அதை மட்டும் வரைந்தாலென்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வியே. ஆனால் குன்று புலவர் முடிந்த இடம். காசு, புலவர் தேடிவந்த நாடு. பத்தாண்டு வயதே ஆன வட்டத்துக்கு முன்னதைவிடப் பின்னது பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஆறு பற்றி ஒரு சொல். 1958-இல் சாத்தனூர் அணை எழுந்தபின் பெண்ணை ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பதைக் காண்கிறோம். மணலும் போய்க்கொண்டிருக்கிறது. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலின்போது அதே அணையிலிருந்து வந்த வெள்ளம் கரையோர ஊர்களைச் சூறையாடியது. காசிலுள்ள அந்த நெளிகோடு வற்றவுமில்லை, கரை கடக்கவுமில்லை. அதனை வரையும்போது அழகுக்காக நேர்ப்படுத்திவிட வேண்டாம் என்று ஓவிய நண்பரை வேண்டுகிறேன்.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. கல்வராயன் மலையும் நம் ஊரும் ஒரே மாவட்டத்துள் அடங்கின. மலையும் ஆறும் ஒருங்கே அமைந்த அக்காசு இன்றைய எல்லைக்கும் பொருந்துவதைக் கண்டு வியந்தேன்.

என் முன்மொழிவு இதுவே. முகப்பிலே குதிரை, பின்னட்டையிலே மலையும் ஆறும், காசின் இருபுறம்போல. குதிரைமேல் ஆள் வேண்டாம், கையில் வேல் வேண்டாம். வண்ணம் செம்பின் வண்ணமே ஆகுக. அச்சகத்தார் அதற்குக் கூடுதல் செலவாகும் என்கிறார்கள். பொருளாளர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். அத்தொகையில் பாதியை நான் தருகிறேன். மற்றப் பாதியை இந்த அவை தீர்மானிக்கட்டும்.