அயலானாய் நடப்பவன் யார்?

எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதையில் கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனின் கதையை அறியாத கிறிஸ்தவர் இலர். ஆசாரியன் விலகிச் சென்றான். லேவியனும் விலகிச் சென்றான். அயல் இனத்தவனாகிய சமாரியனே அருகில் வந்து காயம் கட்டினான். தனக்கு அயலான் யார் என்று கேட்ட நியாயசாஸ்திரிக்கு இயேசுபெருமான் நேர்விடை தரவில்லை. அடிபட்டவனுக்கு அயலானாய் நடந்தவன் யார் என்று கேள்வியையே திருப்பி விட்டார்.

அன்பர்களே, ஊவா மலைநாட்டில் இக்கேள்விக்குத் தனிப்பொருள் உண்டு. எல்ல, தெமோதரை, உடுவரை என்று இறங்கிவரும் புகையிரதப் பாதையில், பதுளைக்கு முந்திய நிலையம் ஹாலிஎல. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். கடைத்தெருவில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து நடமாடுகின்றனர். கிறிஸ்தவரோ சிறுதொகையினர். ஆகவே இங்கு ஒரு கிறிஸ்தவன் நாள்தோறும் எதிர்ப்படும் மாந்தருள் பெரும்பாலோர் வேறு சமயத்தவரே. தன் ஆலயத்தாருக்கு மட்டும் அவன் காட்டும் பரிவு உறவுப்பாசம் ஆகலாம். சமாரியனின் அன்பு ஆகாது.

இலங்கைத் தோட்டங்களில் நற்செய்திப் பணிக்கென 1854 இல் ஆங்கிலிக்கன் சபையார் ஒரு மிஷனைத் தொடங்கினர். உபதேசிமார் தோட்டந்தோட்டமாய் நடந்து உழைத்தனர். ஆயினும் அம்மிஷனுக்கு இடப்பட்ட பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. அன்பு செய்ய வந்த பணியின் பெயரிலேயே இழிவுச்சொல் ஒன்று ஒட்டிக்கொண்டது. கொடுக்கும் கை, வாங்கும் கையைத் தாழ்வாக எண்ணுதல் எத்துணை எளிது என்பதற்கு இது சான்று.

பொன்மோதிரம் அணிந்தவனுக்கு ஆசனமும், கந்தை உடுத்தவனுக்கு நிற்கும் இடமும் தருவதை யாக்கோபின் நிருபம் கடிந்துரைக்கிறது. அந்த ஆசனம் ஆலயத்தில் மட்டும் இல்லை. தோட்ட அலுவலகத்திலும், மருந்தகத்திலும், பேருந்திலும் உண்டு. கொழுந்து நிறுக்கும் தராசிலும் உண்டு. முதியவரை ‘வா, போ’ என்று ஏவும் நாவிலும் உண்டு.

மலையகத் தமிழருள் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர். 1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. உறவுகள் இரண்டாய்ப் பிரிந்தன. நாடற்றோராய் எஞ்சியோருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது.

அந்த இடைக்காலத்தில், 1959 முதல் கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார, 1972 இல் புதிதாய் அமைந்த பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயராக வந்தார். பழமையும் வசதியும் உள்ள ஆசனத்தை விட்டு வறிய மாவட்டத்தை ஏற்றார். சில ஆண்டுகளுக்குள் உணவுப்பஞ்சம் தோட்டங்களைத் தாக்கியது. பட்டினியால் பலர் மாண்டனர். 1982 இல் மறையும்வரை ஏழை எளியோர் பக்கம் நின்றவர் என்று அவர் நினைக்கப்படுகிறார்.

எல்லோரும் ஆயராக இயலுமா என்று சிலர் வினவலாம். இயலாது. ஆனால் சமாரியன் பெருஞ்செல்வம் எதையும் வழங்கவில்லை. கையிலிருந்த எண்ணெயும் திராட்சரசமும், இரண்டு வெள்ளிக்காசும், சற்று நேரமுமே அவன் தந்தவை. விளங்காத மொழியில் அச்சான படிவத்தை ஏந்தி அலுவலக வாயிலில் திகைத்து நிற்கும் தாய்க்கு, அதைப் படித்து எழுதிக் கொடுக்கக் கால்மணி நேரம் போதும். எழுதுகிறவர் தமிழராயினும் சிங்களவராயினும், அந்தக் கால்மணி நேரம் அவர் அவளுக்கு அயலானாகிறார். எழுதும்போது அவளை முதலில் உட்காரச் சொல்லுதல் வேண்டும். உதவி பின்னர் வரட்டும். மதிப்பு முன்னே செல்லட்டும்.