வருகைப் பதிவேட்டில் ஒரு சிக்னல்

(திண்டிவனம் குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2024 டிசம்பர் 1 காலை வரையான 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலால் நம் மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அவ்வளவு பெரிய மாற்றத்தைக் கண்டுபிடிக்கக் கணக்கு எதுவும் தேவையில்லை. சிறிய மாற்றம்தான் நம்மை ஏமாற்றும். வழக்கமாக 33 பேர் வரும் வகுப்புக்கு 31 பேர் வருகிறார்கள். இது அன்றாட ஏற்ற இறக்கமா, வருகையே ஒரு படி இறங்கிவிட்டதா?

பதிவேட்டில் பெயரைப் பார்த்தாலே தெரியாதா என்பீர்கள். ஒரே பிள்ளை தொடர்ந்து நின்றால் தெரியும். கரும்பு வெட்டுக் காலத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள இன்று ஒருவர், நாளை வேறொருவர் என மாறி மாறி நின்றால் தெரியாது.

சிக்னல் ஆய்வில் இது பழைய கேள்வி. இரைச்சலுக்கு நடுவே சராசரி எப்போது மாறியது? நிலநடுக்கப் பதிவுகளில், கடைசிச் சில நொடிகளின் சராசரியை நீண்ட நேரச் சராசரியோடு ஒப்பிட்டு அதிர்வின் தொடக்கத்தைப் பிடிக்கிறார்கள். தொழிற்சாலைத் தரச் சோதனைக்காக 1954-இல் இங்கிலாந்தின் பேஜ் சொன்ன வழி இன்னும் எளிது. ஏழாம் வகுப்புப் பிள்ளையே போடலாம்.

33-இலிருந்து அன்றைய வருகையைக் கழியுங்கள். சாதாரண ஏற்ற இறக்கத்துக்காக மேலும் 1 கழியுங்கள். வருவதை முந்தைய நாள் தொகையோடு கூட்டுங்கள். தொகை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் பூஜ்ஜியம் என்றே வையுங்கள். 5-ஐத் தாண்டினால் விசாரியுங்கள்.

மழைநாளில் 28 பேர் வந்தால் தொகை 4. அடுத்த நாள்களில் 34, 33, 33 என்றால் அது 2, 1, 0 என வடிந்துவிடும். மாறாக 30, 31, 31, 30 என்று வந்தால் தொகை 2, 3, 4, 6. எந்த நாளும் 28 அளவுக்கு மோசமில்லை; ஆனாலும் நான்காம் நாளே எல்லை தாண்டிவிட்டது.

எல்லை ஏன் 5? அது நம் முடிவுதான். குறைத்தால் வீண் எச்சரிக்கை கூடும். கூட்டினால் செய்தி தாமதமாகும். வீண் எச்சரிக்கைக்கு ஆகும் செலவு பெற்றோருக்கு ஒரு போன். தாமதத்துக்கு ஆகும் செலவு ஒரு பிள்ளையின் படிப்பாக இருக்கலாம். ஆகவே எல்லையைத் தாழ்வாக வைப்பதே என் கட்சி.

ஒரு எச்சரிக்கை: 33 என்ற சராசரியைப் பொங்கலை ஒட்டிய வாரத்திலோ தேர்வு வாரத்திலோ எடுக்காதீர்கள். இடையூறில்லாத 20 வேலை நாள்களின் வருகையை எடுத்துக்கொள்ளுங்கள்.