எழுதுவோரின் மாதக் கணக்கு

எந்தக் காரியாலயத்திலும் சம்பளத்துக்கு அமராமல், எழுத்தையே தொழிலாகக் கொண்டு வாழ முற்படுவோர் இன்று பலர். கட்டுரை, சிறுகதை, மொழிபெயர்ப்பு, நூல் மதிப்புரை என்று அவர்களுடைய வேலை பலவகைப்படும். அவர்களுக்கு மேலதிகாரி இல்லை. வருகைப் பதிவேடும் இல்லை. ஆனால் மாதத்தின் முதல் தேதி மட்டும் மற்றவர்களுக்கு வருவதைப் போலவே அவர்களுக்கும் தவறாமல் வருகிறது. வீட்டு வாடகையும் மளிகைக் கடைப் பாக்கியும் அதனுடன் கூடவே வருகின்றன. ஆகையால், ஒரு மாதத்தில் எவ்வளவு எழுதுவது, அந்த அளவை எவ்வாறு வரையறுத்துக்கொள்வது என்பது அவர்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினையே ஆகும். அதைப் பற்றி எங்கள் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நாங்கள் மூவர். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து தமிழில் எழுதுகிறவர்கள். மாதந்தோறும் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலையில் தம்பானூரில் கூடுவது எங்கள் வழக்கம். இரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிராக இருக்கும் அவ்விடத்தில், லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர் செங்கல்லால் எழுப்பிய இந்தியன் காப்பி ஹவுஸ் நிற்கிறது. நத்தையின் கூடுபோலச் சுழன்று மேலேறும் கட்டடம் அது. ஏறிச் செல்லும் பாதையை ஒட்டியே மேசைகள் வரிசையாக அமைந்திருக்கும். அங்கே ஆளுக்கொரு காப்பியும் பீட்ரூட் கட்லெட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, அந்த மாதம் எழுதியதை ஒருவருக்கொருவர் ஒப்புவிப்போம்.

எங்களுள் மூத்தவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். நாகர்கோவில் பக்கத்துக்காரர். சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் நெடுங்காலம் கணக்கெழுதியவர். இன்னொருவர் மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவர். மூன்றாமவர் இளைஞர், உத்தியோகத்தை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத்தில் இறங்கியவர். அவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் விஷயம் எளிதில் விளங்கும்.

வேலையை விட்ட முதல் மாதத்தில் அவர் ஒரு திட்டம் வகுத்தார். மாதத்துக்கு 20 கட்டுரைகள். எழுதிக்கொண்டிருந்த நாவலில் மூன்று அத்தியாயங்கள். நாள்தோறும் 50 பக்கம் படிப்பு. அழகிய கையெழுத்தில் எழுதிச் சுவரிலும் ஒட்டிவிட்டார். மாத முடிவில் பார்க்கையில் கட்டுரைகள் எட்டே தேறியிருந்தன. நாவலில் ஒரு வரியும் சேரவில்லை. எட்டில் ஐந்து கட்டுரைகளைப் பத்திரிகைகள் ஏற்றுக்கொண்டன. ஆயினும் அம்மாதம் ஒரு ரூபாயும் கைக்கு வரவில்லை. அவர் மனைவி பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்திருந்த பணத்திலிருந்து வாடகை கொடுக்க நேர்ந்தது. அந்த வெட்கத்தில் நண்பர் இரண்டு வாரம் எழுதுகோலைத் தொடவே இல்லை. ஒரு மாதத்தின் தோல்வி அடுத்த மாதத்தில் பாதியையும் விழுங்கிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தத் தாளை மேசைமீது வைத்தார். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை இருமுறை படித்தார். பிறகு, “தம்பி, இதைக் கணக்கு என்று சொல்லக்கூடாது. கோயில் உண்டியலில் எழுதிப் போடும் வேண்டுதல் சீட்டு இது. உங்கள் கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று இதில் எங்கே எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். நண்பருக்கு விடை சொல்லத் தெரியவில்லை. உண்மையில் எங்களுக்கும் தெரியவில்லை.

அன்று அந்த மேசையிலேயே கணக்குப் போட்டோம். மாதத்துக்கு 30 நாள். ஞாயிறு நான்கையும், உறவினர் வீட்டுக் கலியாணம், சர்க்கார் அலுவலகம் போன்றவற்றுக்கு ஒரு நாளையும் கழித்தால் மிஞ்சுவது 25. முழுநேரம் எழுதுகிறவரும் ஒரு நாளில் மனம் ஒன்றி எழுதக்கூடியது ஐந்து மணி நேரத்துக்கு மேற்படாது என்பதை எங்கள் அனுபவம் காட்டியிருந்தது. ஆகவே மொத்தம் 125 மணி நேரம். காய்ச்சல், விருந்தாளி, மின்வெட்டு, மனச்சோர்வு ஆகிய எதிர்பாராதவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் எஞ்சுவது 100.

இனிச் செலவுப் பக்கம். ஆயிரம் சொல் கொண்ட ஒரு கட்டுரைக்குச் செய்தி திரட்ட மூன்று மணி நேரம், முதற்படி எழுத மூன்று மணி நேரம், திருத்த இரண்டு மணி நேரம், செம்படி எடுத்து அனுப்பவும் ஆசிரியருடன் தொடர்பு கொள்ளவும் ஒரு மணி நேரம். ஆக ஒன்பது மணி நேரம். 100 மணி நேரத்தில் 11 கட்டுரைகளே அடங்கும். அதுவும் நாவலைத் தொடாமல் இருந்தால்! நண்பர் போட்ட 20 கட்டுரைகளுக்கோ 180 மணி நேரம் வேண்டும். அவர் சோம்பேறியாக இருந்துவிடவில்லை. எட்டுக் கட்டுரைகள் எழுதியதே நல்ல உழைப்புத்தான். திட்டம்தான் முதல் நாளிலேயே தோற்றுப் போயிருந்தது.

திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தை 48ஆவதாகவும், காலமறிதலை அதை அடுத்தும் வைத்திருக்கிறார். அரசனுக்குச் சொன்னதாயினும் எழுத்தாளனுக்கும் அந்த வரிசை பொருந்தும். தன் வலிமையின் அளவை முதலில் அறிந்து, பிறகு காலத்தைப் பார்க்கவேண்டும். நம்மில் பெரும்பாலோர் ஆசையை முதலில் எழுதிவிட்டுக் காலத்தை அதற்குள் திணிக்கப் பார்க்கிறோம்.

தம் வலிமையை அறிவது எவ்வாறு? அண்ணாச்சி அதற்கும் வழி சொன்னார். கடையில் நாள்வழி என்று ஒரு புத்தகம் உண்டு. அன்றன்று நடந்த வரவு செலவு, நடந்தபடியே அதில் ஏறும். அதைப்போல இரண்டு மாத காலம் எந்த இலக்கும் வைக்காமல், எத்தனை மணிக்கு உட்கார்ந்தோம், எத்தனை மணிக்கு எழுந்தோம், என்ன எழுதினோம் என்பதை மட்டும் குறித்து வைக்கச் சொன்னார். செய்து பார்த்தோம். மொழிபெயர்ப்பாளர் தாம் மணிக்கு 500 சொல் பெயர்ப்பதாக எண்ணியிருந்தார். நாள்வழியோ 300 என்று காட்டியது. அந்த உண்மை தெரிந்த பிறகு, பதிப்பகத்தாரிடம் அவர் சொல்லும் கெடு பொய்த்ததில்லை.

அடுத்து, எதை இலக்காக வைப்பது என்ற கேள்வி எழுகிறது. நாங்கள் தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொள்கிறோம். எழுதியது, அனுப்பியது, வந்தது. முதல் இரண்டும் நம் கையில் இருப்பவை. மூன்றாவது ஆசிரியர்கள் கையிலும் வாசகர்கள் கையிலும் இருப்பது. ஆகவே இலக்கு முதல் இரண்டு கட்டங்களுக்கு மட்டுமே. இந்த மாதம் ஆயிரம் வாசகர் சேரவேண்டும், இத்தனை கட்டுரை ஏற்கப்படவேண்டும் என்று முடிவு செய்துகொள்வது, பக்கத்து நிலத்து விளைச்சலை நம் வரவில் எழுதுவதற்கு ஒப்பாகும். மூன்றாவது கட்டத்தையும் நிரப்பத்தான் வேண்டும். ஆனால் அது பார்த்துப் பாடம் கற்றுக்கொள்வதற்கு. அனுப்பிய கட்டுரைக்கு எங்களுக்குப் பணம் வந்து சேரப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதமாகிறது என்பதை அந்தக் கட்டமே எங்களுக்கு உணர்த்திற்று. ஆனியில் கொடுக்கும் வாடகை பங்குனியில் எழுதியதன் பலன்! ஆகையால் வேலையை விட நினைப்பவர் ஆறு மாதச் செலவுக்காவது பணம் சேர்த்துக்கொண்டு விடுவதே விவேகம்.

இவ்வாறு மணியையும் சொல்லையும் எண்ணுவது கலைக்கு அடுக்குமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப்பும் இந்தக் கேள்விக்கு உள்ளானவர்தாம். 1815இல் பிறந்த அவர், தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். தம்மை எழுப்பிவிடுவதற்காகவே ஒரு கிழ வேலைக்காரருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதலாகக் கொடுத்தார். உத்தியோக நிமித்தம் இரயிலில் போகும்போதும் மடியில் பலகை வைத்து எழுதினார். வாரத்துக்குச் சராசரி 40 பக்கம் என்று வைத்துக்கொண்டாலும், சில வாரங்களில் அது 20ஆகக் குறைந்தது. ஒரு சமயம் 112 வரை ஏறியது. எல்லாவற்றையும் தேதிவாரியாகக் குறித்து வைத்தார். இவ்விதம் 47 நாவல்கள் உருவாயின. அவர் மறைந்த பின் 1883இல் சுயசரிதை வெளிவந்து இந்த இரகசியம் தெரிந்தபோது, இது தையற்காரன் வேலையன்றோ என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அவருடைய நாவல்களை இன்றும் படிக்கிறார்கள்.

எங்கள் நகரத்திலேயே உதாரணங்கள் இருக்கின்றன. ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்துக்கொண்டே அக்கடைத்தெருவின் மனிதர்களைக் கதைகளாக்கினார். 2015இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார். நீல பத்மநாபன் கேரள மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். ‘தலைமுறைகள்’, ‘பள்ளிகொண்டபுரம்’ முதலிய நாவல்களை உத்தியோக காலத்திலேயே எழுதியவர். நகுலன் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். வாழ்வுக்கு ஒரு நிலையான வருவாயும், எழுத்துக்கு மிஞ்சிய நேரமும் என்று அமைந்த வாழ்வில் இத்தனை இலக்கியம் விளைந்திருக்கிறது.

எழுத்தையே நம்பி வாழ முயன்ற ஒரு மேதையின் நினைவும் இந்நகரத்துக்கு உண்டு. புதுமைப்பித்தன் இங்கே பெண் கொண்டவர். பத்திரிகையிலும் பின்னர் சினிமாத்துறையிலும் உழைத்து, காச நோயுற்று, 1948இல் 42ஆம் வயதில் இந்நகரிலேயே மறைந்தார். அவர் திட்டமிட்டு வாழவில்லை என்று குறை கூறுவது பேதைமை. அவர் காலத்துப் பத்திரிகைகள் எழுத்தாளனுக்குக் கொடுத்ததும், காச நோய்க்கு அன்று கிடைத்த மருந்தும் மிகக் குறைவு. ஆனால் அவர் வாழ்க்கை ஓர் உண்மையைச் சொல்லுகிறது. மேதையாயினும் மாதச் செலவு மாதச் செலவுதான். அதை எழுத்தே தாங்கவேண்டும் என்று முதல் நாளிலேயே அதன்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றக்கூடாது.

தம்பானூரில் உட்கார்ந்து இரயில்களைப் பார்த்துக் கற்ற பாடம் ஒன்றையும் சொல்லவேண்டும். நெடுந்தூர இரயில்களின் கால அட்டவணையில், கடைசி நிலையத்தை நெருங்கும் பகுதியில் சில நிமிடங்களைக் கூடுதலாக வைப்பது இரயில்வேயார் வழக்கம். வழியில் நேர்ந்த தாமதத்தை அது ஈடுசெய்துவிடும். எழுதுவோரும் மாதத்தின் கடைசி வாரத்தை அவ்வாறே ஓரளவு காலியாக விடவேண்டும். மூன்று வாரத்து வேலையை நான்கு வாரத்தில் வைத்தால், தடை வந்தபோதும் மாதம் தப்பும். தடை வராவிட்டால் அந்த வாரம் படிப்புக்கு ஆகும்.

மாதம் முடிந்ததும் பழைய இலக்கையும் நடந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம். இரண்டு மாதம் தொடர்ந்து இலக்கு தவறினால் எண்ணைக் குறைக்கிறோம். இரண்டு மாதம் எளிதில் நிறைவேறினால் ஒன்றே ஒன்று கூட்டுகிறோம். தவறிய பாக்கியை அடுத்த மாதத்தின் தலையில் ஏற்றுவதில்லை என்று உறுதி செய்திருக்கிறோம். கடன்மேல் கடன் ஏறினால் வியாபாரி கடையைப் பூட்டிவிடுவான். எழுத்தாளனும் அப்படியே செய்துவிடுவான்.

நண்பர் கதையை முடித்துவிடுகிறோம். அவர் இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறார். வாடகைக்கு அது போதும். மற்ற நாட்களில் மாதத்துக்கு ஐந்து கட்டுரை, நாவலில் ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டார். ஓராண்டு சென்றது. பன்னிரண்டு அத்தியாயம் முடிந்திருக்க வேண்டும், ஒன்பதுதான் முடிந்தது. ஒரு மாதம் தாயாருக்கு நோய். இரண்டு மாதம் ஒன்றுமே ஓடவில்லை. அந்த மூன்று வெற்றுக் கட்டங்களும் தாளில் அப்படியே இருக்கின்றன. அவர் அவற்றை மறைக்கவில்லை. சென்ற கூட்டத்தில் தாளை அண்ணாச்சியிடம் நீட்டினார். அண்ணாச்சி மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “இது கணக்கு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று காப்பிக்கு நண்பரே பணம் கொடுத்தார்.