மை பாட்டில்களும் அம்மாவின் கடிதங்களும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பு அன்பர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரிக் கணக்கைப் பேசுவதற்கு முன்னால் பத்து நிமிடம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

என் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், ஷோகேஸில் பொம்மை இருக்காது, மை பாட்டில்தான் இருக்கும். இன்று காலை எண்ணிப் பார்த்தேன், 43. "இத்தனை எதற்கு சார்?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இதுவரை சிரித்துச் சமாளித்தேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் இருக்கன்குடி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில் மாரியம்மன் கோயில். ஆடிக் கடைசி வெள்ளிக்கு நீங்களும் வந்திருப்பீர்கள். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை. முதல் பேனாவை அந்த ஆடித் திருவிழாக் கடையில்தான் வாங்கிக் கொடுத்தார். நிப் மட்டும் சாத்தூரில் வாங்கியது. காராச்சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் பேர் போன சாத்தூர், பேனா நிப்புக்கும் பேர் போன ஊர் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எவர்சில்வர் தகட்டை வெட்டி, துளை போட்டு, வளைத்து, நடுவில் கீறி, முனை தேய்த்து, ஒரு நிப் முடிவதற்குள் பல கை மாறும். பால்பாயிண்ட் வந்தது, அந்தத் தொழில் படுத்துவிட்டது.

மை தீர்ந்தால் பள்ளிக்கூடத்துப் பக்கம் பெட்டிக்கடையில் சில்லறை கொடுத்து ஊற்றிக்கொள்வோம். கசிந்தால் சாக்பீஸால் ஒற்றுவோம், விரலைத் தலைமுடியில் துடைப்போம். அங்கே சிரிக்கிற அக்காவும் துடைத்திருப்பார்கள் போல.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா காலமான பிறகு ஊர் வீடு சில வருடம் பூட்டிக் கிடந்தது. ஒரு ஐப்பசி மழையில் ஓடு சரிந்து டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. உள்ளே இரண்டு கட்டு. ஒன்று அப்பா வேலைக்கு எழுதிய சிட்டை நோட்டு. இன்னொன்று நான் ஹாஸ்டலில் இருந்தபோது அம்மா எனக்கு எழுதிய கடிதங்கள். சிட்டையில் இன்ன தேதிக்கு இத்தனை குரோஸ் என்பதுவரை எல்லாம் படிக்க முடிந்தது. அம்மாவின் கடிதங்களில் நீலக் கறை மட்டும் இருந்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நிப் அழுத்திய தடம் தெரியும். எழுத்து இல்லை.

அப்பா எழுதியது ப்ளூ பிளாக். அம்மா எழுதியது ராயல் ப்ளூ. நான் மை பாட்டில் வாங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

ராயல் ப்ளூ பெரும்பாலும் வெறும் சாயம் கரைத்த தண்ணீர். சட்டையில் பட்டால் துவைத்தால் போகவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்லது, பத்திரத்துக்கு ஆகாது. பழைய காலத்து ப்ளூ பிளாக்கின் சூத்திரம் வேறு. நம் ஊர்க் கடுக்காய் மை மாதிரிதான். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியும் சேர்ந்தால் கறுக்கும். எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப் பட்டு நாளாக ஆகக் கறுத்துத் தாளோடு பிடித்துக்கொள்ளும். அதற்காக வீட்டில் காய்ச்சிப் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். அதில் இருக்கும் புளிப்பு நிப்பை அரிக்கும். படம் வரையும் இந்தியன் இங்க்கும் கூடாது, உள்ளே காய்ந்து நாக்கு அடைத்துக்கொள்ளும்.

இன்று ப்ளூ பிளாக் என்று விற்பதெல்லாம் அந்தப் பழைய சரக்கு இல்லை, நிறம் மட்டும்தான். அதனால் லேபிளை நம்பாமல் நான் ஒரு சோதனை செய்வேன். ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒரு நாள் காயவைத்து, பாதியைக் குழாயடியில் ஒரு நிமிடம் காட்டுவேன். எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று தெரிந்துவிடும். 43 பாட்டிலின் துண்டும் இந்த நோட்டில் ஒட்டியிருக்கிறேன். வரிசையாகக் கைமாற்றிப் பாருங்கள், டீயை மட்டும் தள்ளி வைத்துவிடுங்கள்.

வாங்குவது பற்றி. மை என்றால் வெளிநாடு என்று நினைக்கவேண்டாம். காம்லின் கம்பெனி 1931-ல் குதிரை மார்க் மைப் பொடியில்தான் தொடங்கியது, ஒட்டக மார்க் மை பிறகு வந்தது. 1934-ல் வங்காளத்து ராஜ்ஷாஹியில் மைத்ரா சகோதரர்கள் சுலேகா மையை ஆரம்பித்தார்கள். காந்திக்கு எழுதச் சுதேசி மை வேண்டும் என்பதுதான் அதன் தொடக்கம். நம் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போய்வந்து பத்துப் பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தச் சுலேகா 1980-களின் கடைசியில் மூடி, பிறகு திறந்து, 2020-ல் மறுபடி பேனா மை போட்டது. பிரில் இருக்கிறது, கேரளத்துக் கிருஷ்ணா இருக்கிறது. சென்னைக்குப் போனால் பாரிமுனை ஜெம் அண்ட் கோ கடைக்கு ஒரு நடை போய் வாருங்கள். விலை குறைந்த நம் ஊர் பாட்டிலும் எழுதுவதற்குப் போதும். ஜப்பான் பைலட் கம்பெனியின் இரோஷிசுகு ஒன்றின் விலையில் அப்படிப் பல பாட்டில் வாங்கலாம். ஆனால் அந்த நிறத்தைப் பார்த்தால் கை நீளும், எனக்கு நீண்டது.

ஜப்பானில் கோபே நகரத்து நாகசாவா என்ற எழுதுபொருள் கடை, 1995 பூகம்பத்தில் இடிந்து எழுந்த தன் ஊரின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிறம் என்று மை போடுகிறது. அதைப் படித்த நாள் முதல் எனக்கும் ஓர் ஆசை. வைப்பாற்று மணல், அக்கினிச்சட்டி, சிவகாசி மத்தாப்பு என்று நமக்கும் யாராவது போடமாட்டார்களா?

வாங்கிய மையை வெயில் படாத அலமாரியில் அட்டைப் பெட்டியோடு வையுங்கள். வெளிச்சம் நிறத்தைத் தின்னும், நம் ஊர்ச் சூடு தண்ணீரைக் குடிக்கும். மூடி திறந்ததும் மக்கல் வாசமோ பாசியோ இருந்தால் கொட்டிவிடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். ஒரு கம்பெனி மையோடு இன்னொன்றைக் கலக்கவேண்டாம். நிறம் மாற்றுமுன் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

இனி என் கணக்கு. என் பேனாவுக்கு ஒரு தடவை நிரப்ப 1 மில்லிகூடப் பிடிக்காது. வாரம் ஒரு தடவை நிரப்புகிறேன். 60 மில்லி பாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் வரும். பாட்டில் 43, எனக்கு வயது 66. வீட்டம்மா இந்தக் கணக்கை எனக்கு முன்னாலேயே போட்டு முடித்துவிட்டார்கள். இனிமேல் புதிதாக வாங்குவதில்லை என்று அவர்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

அதனால் வருகிற ஞாயிறு மாலை 5 மணிக்கு இதே ஹாலுக்கு ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி கொண்டு வாருங்கள். ஹோமியோபதி மருந்துப் புட்டி ரொம்பப் பொருத்தம். ஊசி இல்லாத சிரிஞ்ச் நான் வைத்திருக்கிறேன். ஆளுக்கு 5 மில்லி, எந்த நிறம் வேண்டுமானாலும். பேனா இல்லாத பிள்ளைகளுக்கு சாத்தூர் நிப் போட்ட பேனா ஆறு இருக்கிறது, முதலில் வருகிறவர்களுக்கு. தண்ணீரில் நிற்கிற மை வேண்டுமென்றால் நோட்டில் சிவப்புப் புள்ளி வைத்தவற்றைப் பார்த்துக் கேளுங்கள். ஹாஸ்டலில் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு அதில் 10 மில்லி.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். லாரிக் கணக்கை ஆரம்பிக்கலாம்.