வேகமும் நிதானமும்

(பொன்விழாக் குடும்ப நாளில் எங்கள் முதலுதவிக் குழுவினர் ஆற்றிய உரை)

 

தேசிய சேவையின்போது ஆம்புலன்ஸ் பணியில் இருந்த நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து உங்கள் முன் நிற்கிறோம். மீட்புப் பணியிலும் ஆம்புலன்ஸ் ஓட்டுவதிலும் என்ன பயிற்சி தருகிறார்கள் என்று சொல்லச் சொன்னார்கள். எப்போது விரைய வேண்டும், எப்போது நிதானிக்க வேண்டும் என்று கற்றுத் தருகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான்.

அந்தப் பாடத்தை இந்த நாடு கற்றுக்கொண்ட இடம் ஜாலான் புசாரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1986 மார்ச் 15, சனிக்கிழமை காலை 11.25 மணி. சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சந்திக்கும் முனையில் இருந்த ஆறு மாடி ஹோட்டல் நியூ வோர்ல்டு, ஒரு நிமிடத்துக்குள் இடிந்து விழுந்தது. 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். 33 பேர் இறந்துபோனார்கள். கட்டடத்தின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்காமலே வடிவமைத்திருந்தார்கள் என்பது பின்னர் விசாரணையில் தெரியவந்தது.

பெரிய இயந்திரங்களைக் கொண்டு கற்களை அள்ளிவிடலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அப்போது எம்ஆர்டி சுரங்கப் பாதைகளைத் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டு நிபுணர்கள் ஓடி வந்து, கனரக இயந்திரம் அசைந்தால் உள்ளே உயிரோடு இருப்பவர்கள் மேல் மிச்சமும் சரியும் என்று எச்சரித்தார்கள். பக்கவாட்டில் சிறு சுரங்கங்கள் தோண்டி, தவழ்ந்து உள்ளே போனார்கள். அடியிலிருந்து குரலோ தட்டும் ஓசையோ வருகிறதா என்று கேட்பதற்காக இயந்திரங்களை நிறுத்தினார்கள். எப்போதும் இரைச்சலாக இருக்கும் சிராங்கூன் ரோட்டில், உயிர்களைத் தேட மௌனம் தேவைப்பட்டது.

அதன் பிறகு பல மாற்றங்கள் வந்தன. 1989இல் தீயணைப்புச் சேவையும் குடிமைத் தற்காப்புப் படையும் ஒன்றாயின. இடிபாடு போன்ற கடினமான மீட்புக்கென்றே 1990இல் ‘டார்ட்’ எனும் சிறப்புக் குழு அமைந்தது. ஜாலான் பகாரில் பயிற்சிக் கழகம் 1999இல் திறக்கப்பட்டது. 2023இல் துருக்கி நிலநடுக்கத்தின்போது இடிபாடுகளில் உயிர் தேடியவர்களில் நம் சிங்கப்பூர் வீரர்களும் இருந்தார்கள்.

மீட்பவருக்கும் சிகிச்சை தருபவருக்கும் ஏன் சேர்ந்தே பயிற்சி தேவை என்பதற்கு ஓர் உதாரணம். ஒருவரின் கால் பல மணி நேரமாகப் பாறாங்கல்லுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறது. கல்லை உடனே தூக்கிவிடத்தான் கை பரபரக்கும். ஆனால் நசுங்கிய தசையில் பொட்டாசியம் போன்றவை கசிந்து தேங்கியிருக்கும். கல்லைத் தூக்கியதும் அவை ரத்தத்தில் கலந்து இதயத்தையே நிறுத்திவிடலாம். அதனால், முடிந்தவரை முதலில் நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்றிவிட்டு, பிறகுதான் கல்லை அசைப்பார்கள். அதுவரை பேசிப் பேசியே அவரைத் தெம்பாக வைத்திருப்பதும் மருத்துவ உதவியாளரின் வேலை.

ஆம்புலன்ஸ் ஓட்டுவதும் இப்படித்தான். சைரன் போட்டுவிட்டால் பறக்கலாம் என்று சின்னப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். பின்னால் ஒருவர் நின்றபடி நோயாளியின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருப்பார். ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டால் அவர் தடுமாறுவார், அழுத்தம் நின்றுபோகும். முதுகெலும்பு அடிபட்டவருக்கோ ஒவ்வொரு குலுக்கலும் வேதனை. எனவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். சந்திப்பில் மற்ற வண்டிகள் உண்மையிலேயே நின்றுவிட்டனவா என்று கண்ணால் பார்த்த பிறகே கடக்க வேண்டும். தமிழ்நாட்டின் 108 சேவையில் ஓட்டுநரை ‘பைலட்’ என்று அழைக்கிறார்கள். பொருத்தமான பெயர்!

இனி நம் சங்கத்து விஷயத்துக்கு வருகிறோம். இதைச் சொல்லத் தயக்கம்தான்; ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன்பு நம் கூட்டம் ஒன்றில் பெரியவர் ஒருவர் நாற்காலியிலேயே சாய்ந்தார். நாம் எல்லாரும் அவரைச் சுற்றி நின்றோம். ஒருவர் தண்ணீர் தெளித்தார், ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார், ஒருவர் விசிறினார். எல்லாம் பாசத்தால் செய்தவை. ஆனால் அவர் நெஞ்சில் கைவைத்து அழுத்த நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் விரைந்துதான் வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். எங்களில் சிலர் அப்போது பள்ளிப் பிள்ளைகள். ஆம்புலன்ஸ் பணி எங்களுக்குக் கிடைத்தபோது அந்த நாளைத்தான் நினைத்துக்கொண்டோம்.

இதயம் நின்றுவிட்டால், நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 விழுக்காட்டைக் கொண்டுபோய்விடும். எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராலும் அந்த நிமிடங்களைத் திருப்பித் தர முடியாது. அவை பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருக்கின்றன.

ஆகவே குடும்பத்தாருக்கு எங்கள் வேண்டுகோள் இவை. ஒருவர் அசைவின்றி, சரியாக மூச்சும் இன்றிக் கிடந்தால் உடனே 995ஐ அழையுங்கள். தொலைபேசியை வைத்துவிடாதீர்கள், என்ன செய்வதென்று மறுமுனையில் சொல்லித் தருவார்கள். நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒருவரை அனுப்பி, புளோக்கின் கீழே மின்தூக்கி அருகில் ஏஇடி கருவி இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். இன்னொருவர் கீழே நின்று, ஆம்புலன்ஸ் குழுவினருக்காக மின்தூக்கியைப் பிடித்து வைக்கட்டும். விபத்தில் அடிபட்டவரை, தீயோ வேறு ஆபத்தோ இல்லாதபோது, இழுத்துத் தூக்காதீர்கள். சாலையில் சைரன் கேட்டால் பதறாமல் வழிவிடுங்கள்.

இந்தப் பொன்விழா ஆண்டில், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு பேராவது இதைக் கற்றுக்கொள்ள வாருங்கள். நன்னாவும் வரலாம், பேரனும் வரலாம். பயிற்சிப் பொம்மையோடு நாங்கள் காத்திருக்கிறோம். அடுத்த முறை நம் மண்டபத்தில் ஒருவர் சாய்ந்தால், சுற்றி நிற்பவர்களில் ஒருவராவது முழங்காலிட்டு உட்கார வேண்டும்.