சிலிண்டர் யாருக்குச் சொந்தம்?

(மகளிர் குழுக்களின் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தின் முடிவில் ஓர் அம்மையார் எழுந்து, "ஐயா, பணம் கட்டித்தான் காஸ் இணைப்பு வாங்கினோம். பதினைந்து வருஷமாய் மாற்றி மாற்றி வாங்கி எரிக்கிறோம். இப்போது போய், சிலிண்டர் உங்களுக்குச் சொந்தமில்லை என்கிறார்களே, இது என்ன நியாயம்?" என்று கேட்டார். நேரமாகிவிட்டபடியால் அன்று விடை கூற இயலவில்லை. இன்று அதைப் பற்றியே பேச எண்ணுகிறேன்.

அந்த அம்மையார் கட்டிய பணம் விலையன்று, வாடகையும் அன்று. அது காப்புத்தொகை. சோடாக் கடையில் பாட்டிலுக்கென்று தனியாகக் காசு வைத்துவிட்டு எடுத்துச் செல்கிறோம். வெறும் பாட்டிலைத் திருப்பியதும் அந்தக் காசு நம் கைக்கு வருகிறது. சோடா நமது, பாட்டில் கடைக்காரருடையது. சிலிண்டரின் கதையும் அதுவே. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 1,450 ரூபாயாக இருந்த காப்புத்தொகை 2022 ஜூன் மாதத்தில் 2,200 ரூபாயாயிற்று. அதற்கு முன் வாங்கியவர்கள் குறைவாகவே கட்டியிருப்பார்கள். 2016 மே மாதத்தில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்புப் பெற்றவர்களுக்கு இத்தொகையை அரசே ஏற்றுக்கொண்டது. இணைப்பே வேண்டாமென்று சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தால், சீட்டில் எந்தத் தொகை எழுதியிருக்கிறதோ அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும். இன்றைய விகிதத்தில் அன்று.

இதனால் நமக்கு நஷ்டமா? இல்லையென்பதே என் கருத்து. சிலிண்டரின் தலைப்பகுதியில், வளையத்தைத் தாங்கி நிற்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறத்தில் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் காணப்படும். ஏ என்பது மார்ச் வரை, பி என்பது ஜூன் வரை, சி என்பது செப்டம்பர் வரை, டி என்பது டிசம்பர் வரை. "பி 28" என்றிருந்தால் 2028 ஜூன் முடிவுக்குள் அதனை மறுசோதனை செய்தாக வேண்டும். புதிய சிலிண்டருக்குப் பத்தாண்டுகள் கழித்தும், பின்னர் ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறையும் இச்சோதனை நடைபெறும். இவ்வேலையை நாம் ஒருவரும் செய்ததில்லை, செலவும் செய்ததில்லை. சொந்தக்காரர் யாரோ அவர் செய்கிறார். சிலிண்டர் நமது சொத்தாகிவிட்டால், துருவும் வால்வும் சோதனையும் நமது சொத்தாகிவிடும்! கெடு தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமையுண்டு. வெறும் சிலிண்டரின் எடையும் அதன் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதனோடு 14.2 கிலோவைக் கூட்டிப் பாருங்கள். ஐயமிருந்தால் கொண்டு வருபவரை நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

அமெரிக்க நாட்டின் கிராமப்புறங்களில், குழாய் வழி எரிவாயு எட்டாத வீடுகளின் முற்றத்தில் பெரிய புரொப்பேன் தொட்டி ஒன்றை நிறுத்தியிருப்பார்கள். அங்கே அதை விலைக்கு வாங்குவதா, வாடகைக்கு வைப்பதா என்பது ஒவ்வொரு குடும்பமும் கணக்குப் போட்டுப் பார்க்கும் விஷயம். வாடகைத் தொட்டியென்றால் அதற்குரிய கம்பெனியிடமே வாயு வாங்க வேண்டும். அது சொல்வதே விலை. சொந்தத் தொட்டி உள்ளவர் நாலு இடம் விசாரித்து, மலிவாகக் கொடுப்பவரிடம் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் பழுதும் பராமரிப்பும் அவர் தலையில். நம் நாட்டில் மூன்று பொதுத்துறைக் கம்பெனிகளும் ஓர் ஊரில் வீட்டு சிலிண்டருக்கு ஒரே விலையையே வாங்குகின்றன. ஆகையால் சொந்தமாக வைத்திருப்பதில் அங்குள்ள ஆதாயம் இங்கில்லை.

விலைக்கே வாங்கக்கூடிய சிலிண்டரும் நம்மிடையே உண்டு. முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கென 5 கிலோ சிலிண்டரை எண்ணெய்க் கம்பெனிகளே விற்கின்றன. வெளியூரிலிருந்து செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்திருப்பவர்களுக்கு அது நல்ல உதவி. மானியம் இல்லாததால் கிலோ கணக்கில் விலை கூடுதல், அவ்வளவுதான். நான் அஞ்சுவது, சந்தையில் பாத்திரக் கடையோரம் பெயரும் முத்திரையுமின்றி விற்கும் குட்டி சிலிண்டரைக் கண்டு. பெரிய சிலிண்டரிலிருந்து ரப்பர் குழாய் வைத்து அதற்கு வாயு மாற்றுகிறார்கள். இது சட்டப்படி குற்றம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவித் தேங்கும். பக்கத்து அடுப்பின் தணலே போதும். "இதுதான் சார் எங்களுக்கே சொந்தமான சிலிண்டர்" என்று ஒருவர் என்னிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறார்.

நான் முன்பு பணியாற்றிய ஒன்றியத்தில், கணவனை இழந்த பெண்ணொருத்தி மனுவோடு வந்தாள். இணைப்பு கணவன் பேரில் இருந்தது. காரியம் முடிந்த கையோடு கொழுந்தன், "அண்ணன் வாங்கியது, குடும்பச் சொத்து" என்று சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். எட்டு மாதமாக வேலிக்கருவை விறகில் சமையல். கைக்குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை. சிலிண்டரில் பாதியாவது தனக்குச் சேருமா என்று கேட்டாள். "உனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை, அம்மா. சீட்டு எங்கே?" என்றேன். அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். இறப்புச் சான்றையும் வாரிசுகளின் சம்மதத்தையும் கொடுத்தால் இணைப்பைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம். மகன் சொத்துக்கு வாரிசான மாமியார், பெற்ற பிள்ளை ஒருபுறம் முறைத்துக்கொண்டு நிற்க, மறுபேச்சின்றிக் கைநாட்டு வைத்தார். சீட்டில்லாதவன் வெறும் சிலிண்டரைக் கொண்டுபோனால் எந்த ஏஜென்சியும் மாற்றித் தராது என்று தெரிந்த பிறகு, கொழுந்தன் அதை ஒரு நாள் இரவு திண்ணையில் வைத்துவிட்டுப் போனானாம்.

பிறருக்குச் சொல்லும் நான் செய்த தவற்றையும் கூறிவிடுகிறேன். பத்தாண்டுகளுக்கு முன் மாற்றல் உத்தரவு வந்த அவசரத்தில், சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படைக்காமல், வீட்டுக்கு அடுத்துக் குடிவந்தவரிடம் கொடுத்துக் கையில் பணம் வாங்கிக்கொண்டேன். என்னுடையதல்லாத பொருளை விற்றேன் என்று பொருள்! புதிய ஊரில் இணைப்புக் கேட்டபோது, என் பேரில் பழைய ஊரில் இணைப்பு நடப்பில் இருப்பதாகக் கணினி காட்டிற்று. இரண்டு முறை பழைய ஊருக்கு அலைந்தேன். நான் வாங்கிய பணம் பஸ் கட்டணத்துக்கும் காணவில்லை. அந்த ஒன்றரை மாதமும் என் வீட்டு அம்மாள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு போராடியதை இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.

ஆகவே சிலிண்டர் உங்களுடையதன்று, சீட்டு உங்களுடையது. அடுப்பும், அதற்குச் செல்லும் ரப்பர் குழாயும் உங்களுடையவை. குழாயை ஐந்தாண்டுக்கு ஒரு முறை நீங்களேதான் மாற்ற வேண்டும். வேறு எவரும் வந்து மாற்றமாட்டார்கள். என் அனுபவத்தில் பத்து வீட்டைப் பார்த்தால் ஏழில் குழாய் பழையதாகவே இருக்கிறது.

வருகிற வியாழக்கிழமை காலை ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு ஊர்நல அலுவலர்கள் இதற்கென்றே உட்கார்ந்திருப்பார்கள். இறந்தவர் பேரில் இணைப்பு உள்ளவர்களும், சீட்டைத் தொலைத்தவர்களும் காஸ் புத்தகத்தோடும் ஆதார் அட்டையோடும் வாருங்கள். சீட்டைத் தொலைத்தவர்கள் வீட்டு அரிசிப் பானையிலும் ஒரு முறை தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள்.