தேக்கம்பட்டிப் பாப்பம்மாள் காட்டிய வழி

(திருச்சிராப்பள்ளி தென்னூரில் உழவர்களும் ஊராட்சி உறுப்பினர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)

நீலகிரி மலையடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்துத் தேக்கம்பட்டி என்றோர் ஊர் உண்டு. அப்பகுதியில் ஓடும் பவானியாறு கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. ஆகவே நம் முக்கொம்பை வந்தடையும் நீரில் அவ்வூர் ஆற்றுக்கும் பங்கு உண்டு. அந்த ஊர் நமக்கு அளித்த மற்றொரு செல்வத்தைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். அவர்தாம் 2024 செப்டம்பர் 27-ஆம் நாள் மறைந்த பத்மஸ்ரீ பாப்பம்மாள் அவர்கள்.

அவர் 1914-இல் தேவலாபுரத்தில் பிறந்தார். அரங்கம்மாள் என்பது இயற்பெயர். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரையும் அவருடைய சகோதரியரையும் தேக்கம்பட்டியில் பாட்டியார் வளர்த்தார். பாட்டியார் நடத்தி வந்த கடை பின்னர் அவர் பொறுப்பில் வந்தது. பலசரக்கு விற்றும் சிற்றுண்டி விடுதி நடத்தியும் ஈட்டிய பொருளைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினார். பாட்டியின் கையில் வளர்ந்த அச்சிறுமியே பிற்காலத்தில் ஊரார் அனைவருக்கும் பாட்டியாக விளங்கினார்.

1959-இல் அவர் தேக்கம்பட்டி ஊராட்சியின் வார்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1964-இல் காரமடை ஊராட்சி ஒன்றியக் குழு உறுப்பினரானார். உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு உரியது என வகுத்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993-இல். தமிழ்நாட்டில் அப்பங்கைப் பாதியாக உயர்த்திய சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. இவற்றுக்குப் பல்லாண்டுகள் முன்னரே ஒரு சிற்றூர்க் கடைக்காரர், பெண்ணாக இருந்தும், ஊர் மன்றத்தில் அமர்ந்தார். கடை வைத்திருப்பவரின் அளவையும் சொல்லையும் ஊர் நாள்தோறும் சோதிக்கிறது. அத்தகைய சோதனையைவிடக் கடிய தேர்தல் வேறு எது?

தாய்மார்களே! இன்று சட்டம் உங்களுக்குப் பாதி இடத்தை அளித்திருக்கிறது. ஆயினும் சில ஊர்களில் பெயர்ப்பலகையில் அம்மையாரின் பெயரும், நாற்காலியில் அவர்தம் கணவரோ மைந்தரோ இருப்பதைக் காண்கிறோம். இது வாக்களித்தவர்க்குச் செய்யும் தீங்கு. இதனை நீக்கப் பெருஞ்செயல் எதுவும் வேண்டியதில்லை. தீர்மானப் புத்தகத்தைப் படித்துப் பார்க்காமல் கையொப்பம் இடாதீர்கள். எழுத்து விளங்காவிடில் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கிராம சபையில் வரவு செலவுக் கணக்கை உங்கள் வாயாலேயே எடுத்துரையுங்கள். ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூட வேண்டும் என்பது இப்போதைய ஏற்பாடு. அந்த 6 நாளும் நீங்களே முன்னின்று பேசினால், ஓராண்டில் ஊர் உங்களை அறிந்துகொள்ளும்.

உழவர் பெருமக்களே! உறுப்பினர் பதவிக்குக் காலவரையறை உண்டு. பாப்பம்மாள் அவர்களின் பதவிக் காலமும் முடிந்தது. ஆனால் தொண்டு முடியவில்லை. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த உழவர் விவாதக் குழுவில் அவர் ஊக்கத்தோடு பங்கு கொண்டார். உழவரின் இடர்ப்பாட்டை அறிஞரிடம் எடுத்துரைப்பதும், அறிஞர் கூறியதைத் தம் வயலில் செய்து பார்ப்பதும் அவர் வழக்கம். இயற்கை முறையில் வாழையும் காய்கறியும் பயறு வகைகளும் விளைவித்தார். முதுமையில் நிலம் ஏறத்தாழ இரண்டரை ஏக்கராகச் சுருங்கியது. நூறு வயதைக் கடந்த பின்னும் வயலுக்குச் செல்வதை அவர் விடவில்லை. 2021-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது வேளாண்மைப் பணிக்காகவே.

அவ்வம்மையாரைப் போற்றுவது என்றால், அவர் செய்ததில் ஒரு பகுதியையேனும் நாம் செய்ய வேண்டும். நெல் நடுவதற்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, ஏறத்தாழ 45-ஆம் நாள், பூக்கும் பருவத்தில், மடக்கி உழுங்கள். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. செடி மண்ணில் மட்கும்போது அச்சத்து நெல்லுக்குக் கிடைக்கிறது, மண்ணும் பொலபொலப்பாகிறது. அறுத்த வாழையின் இலைச்சருகுகளை எரிக்காமல் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கப்படும், களையும் குறையும். முதற்பருவத்தில் நோயின்றி நிலம் ஏற்றதாக இருந்தால், ஒரு மூலையிலேனும் இவற்றைச் செய்து பார்த்து, பயனை உங்கள் கண்ணாலேயே கண்ட பின் விரிவாக்குங்கள்.

ஐயம் எழுந்தால் கோவை வரை செல்ல வேண்டியதில்லை. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நம் திருச்சியிலேயே இருக்கிறது. நாவலூர் குட்டப்பட்டில் வேளாண்மைக் கல்லூரியும் இருக்கிறது. ஊருக்குப் பத்து உழவர் ஒன்றுகூடி, நோய் கண்ட இலையையும் ஒரு பிடி மண்ணையும் எடுத்துச் சென்று கேட்டால், அங்குள்ளோர் விடை கூறுவர். அழைத்துச் செல்லும் பொறுப்பை வார்டு உறுப்பினர் ஏற்கட்டும். அது செலவில்லாத பணி. ஆயினும் ஊர் நெடுநாள் நினைவில் வைக்கும் பணி.

பதவியில் இருக்கும் நாளில் வீடு தேடி வருவோர் பலர். பதவி முடிந்து ஐந்தாண்டு சென்ற பின்னும், ஒரு கிணற்றுத் தகராற்றுக்கோ, ஒரு குழந்தையின் படிப்புக்கோ, ஒரு பயிர் நோய்க்கோ நம் வாயிற்படியில் யாரேனும் வந்து நின்றால், நாம் உறுப்பினராக இருந்தது வீண் போகவில்லை என்று கொள்ளலாம். தேக்கம்பட்டிப் பாட்டியின் வாழ்வு நமக்குத் தரும் அளவுகோல் இதுவே. வரும் பருவத்தில் உங்கள் வயலிலும், அடுத்த கிராம சபையில் உங்கள் ஊரிலும் அதனைக் கைக்கொள்ளுமாறு வேண்டி அமைகிறேன்.